அரை நிமிட வேலை

மிக்ஸியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிப்பக்கம் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். கெட்டிச் சட்னியைத் தண்ணீர் விடாமல் ஓட்டினாலோ, ஜாரின் புஷ் இறுகி பிளேடு முரண்டு பிடித்தாலோ மோட்டார் இழுக்கிற கரண்ட் ஏறும். உள்ளே இரண்டு உலோகங்களைச் சேர்த்துச் செய்த தகடு ஒன்று சூட்டில் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். பொத்தான் வெளியே துருத்திக்கொண்டு வரும். மோட்டார் பிழைத்துக்கொண்டது, வீட்டிலிருப்பவர்களுக்கோ மிக்ஸி செத்துப்போயிற்று. கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் பொத்தானை அழுத்தினால் மறுபடியும் ஓடும். இதற்கு எவ்வளவு வாங்கலாம் என்பது என்னை ரொம்ப காலமாக அரித்துக்கொண்டிருக்கிற கேள்வி. மோட்டார் காயில் கட்டினால் இவ்வளவு, ஆர்மேச்சர் மாற்றினால் இவ்வளவு, கார்பனுக்கு இவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் வாயில் விலை தயாராக இருக்கிறது. பொத்தானுக்கு மட்டும் இல்லை. ஐம்பது என்று சொல்லும்போது அதிகமாகக் கேட்டுவிட்டது போலவும், ஒன்றும் வேண்டாம் என்று அனுப்பும்போது யாருக்கோ துரோகம் செய்தது போலவும் இருக்கிறது. பார்ப்பதற்கு இது காசைப் பற்றிய கேள்வி. காசு அதன் ஓரத்தில்தான் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பொத்தான் வெளியே வந்திருப்பதைப் பார்த்ததும் வேலை முடிந்துவிடுவதும் இல்லை. ஏன் வந்தது என்று தெரியாமல் அழுத்தினால் நாளைக் காலை மறுபடி வரும். ஜாரைக் கையில் எடுத்து அடியிலிருக்கும் கப்ளிங்கை விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு சுற்றினால் ஜார் நல்லது. நறநறவென்றால் புஷ்ஷுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பிறகு மோட்டாரின் காற்றுத் துவாரத்தில் மூக்கை வைக்க வேண்டும். வெந்துபோன வார்னிஷ் வாடையை ஒருமுறை அறிந்துகொண்ட மூக்குக்கு மீட்டர் தேவையில்லை. வாடை இல்லை, ஜார் சுற்றுகிறது, கடைசியாக என்ன அரைத்தீர்கள் என்றால் பொடிக்குக் கொப்பரைத் தேங்காய் என்கிறார்கள். அவ்வளவுதான், அரை நிமிடம். ஆனால் அரை நிமிடத்தில் நான் பொத்தானை அழுத்துவதில்லை. ஸ்குரூடிரைவரை எடுத்து அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றுகிறேன். உள்ளே மிளகாய்ப்பொடியும் மஞ்சளும் எண்ணெயில் குழைந்து படிந்திருக்கும், சில சமயம் காய்ந்த கரப்பான் ஒன்று. பிரஷ்ஷால் தட்டி, ஊதி, கார்பன் இரண்டையும் வெளியே இழுத்து வெளிச்சத்தில் பார்த்து, நல்ல கார்பன் என்று தெரிந்தும் உப்புத்தாளில் ஒரு தேய்ப்புத் தேய்த்து மாட்டுகிறேன். திருகுகளைப் போடுகிறேன். கடைசியில்தான் பொத்தான். பத்து நிமிடம் ஆகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் பொய் என்று எதுவும் இல்லை. தூசு உண்மையாகவே இருந்தது, உண்மையாகவே போயிற்று. அதற்கும் மிக்ஸி நின்றதற்கும் சம்பந்தம் இல்லை என்பதுதான் விஷயம். எதிரே நிற்பவர் பர்ஸைத் திறக்கும்போது அவர் முகம் சுருங்காமல் இருப்பதற்காக அந்தப் பத்து நிமிடத்தை நான் சேர்க்கிறேன்.

இந்த இடத்தில் யாராவது கப்பல் கதையைச் சொல்வார்கள். எல்லோருக்கும் வாட்ஸப்பில் வந்திருக்கும். நின்றுபோன கப்பல் எஞ்சினைக் கிழட்டு மெக்கானிக் ஒருவர் வந்து சுத்தியால் ஒரு தட்டுத் தட்டுகிறார், ஓடுகிறது. பெரிய தொகைக்குப் பில். தட்டியதற்கு ஒரு ரூபாய், எங்கே தட்ட வேண்டும் என்று தெரிந்ததற்கு மீதி. கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கதை பிடிப்பதில்லை. அதில் காசு கொடுப்பவரிடம் கப்பல் இருக்கிறது. என் எதிரே நிற்பவர் சுருக்குப்பையை அவிழ்த்து முதியோர் பென்ஷனில் மிச்சமிருக்கும் நோட்டை நீவி எடுக்கிறார். எனக்குத் தெரிந்திருப்பதற்கு ஒரு விலை உண்டு என்றால், அவருக்குத் தெரியாமல் போனதற்கு அவர் அபராதம் கட்டுகிறார் என்றும் ஆகிறதே. பொத்தானைப் பற்றி மிக்ஸியோடு வந்த புத்தகத்தில் ஒரு வரி எழுதித்தான் இருக்கும். இங்கிலீஷில், பொடி எழுத்தில். அந்தப் புத்தகம் அட்டைப்பெட்டியோடு பரண்மேல் போய் வருஷங்கள் ஆகியிருக்கும். அப்படியானால் நான் விற்பது எனக்குத் தெரிந்ததையா, அவருக்கு யாரும் சொல்லாமல் விட்டதையா?

கெய்சர் விஷயத்தில் இந்தச் சங்கடம் வருவதில்லை. எங்கள் திருவண்ணாமலையில் சாத்தனூர் அணைத் தண்ணீர் வருகிற தெரு உண்டு, போர்த் தண்ணீரை நம்பியிருக்கிற தெரு உண்டு. போர்த் தண்ணீர் பாறையைக் கரைத்துக்கொண்டு வருகிறது. கிரிவலப் பாதை ஓரம் புதிதாக எழுந்திருக்கிற லாட்ஜுகளிலும் வாடகை வீடுகளிலும் கெய்சரைக் கழற்றினால் ஹீட்டர் கம்பி கண்ணுக்கே தெரியாது. அதன்மேல் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கல் விரல் கனத்துக்கு ஏறியிருக்கும். ஸ்குரூடிரைவர் முனையால் தட்டினால் பாளம் பாளமாக விழும். டேங்க்கைச் சாய்த்தால் அரை பக்கெட் கல் கொட்டும். வீட்டுக்காரர் அதைச் செல்போனில் படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிறார். ஐந்நூறு என்றால் ஐந்நூறு, பேச்சே இல்லை. இத்தனைக்கும் அது ஒரு பையன் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்கிற வேலை. அதே டேங்குக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். துருப்பிடிக்க வேண்டிய டேங்குக்குப் பதிலாகத் தான் கரைந்துகொண்டிருப்பதுதான் அதன் வேலை. கரைந்து முடிந்ததும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் டேங்க் ஓட்டையாகும். கெய்சரைப் பற்றி எனக்குத் தெரிந்ததிலேயே உபயோகமானது இதுதான். சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. “அது இல்லாமயே ஓடிக்கினுதானே இருந்துச்சு” என்கிறார்கள். கல்லுக்குக் கொடுத்த கை கம்பிக்கு வராது.

ஃப்ரிட்ஜ் கெய்சருக்கு நேர் எதிர். அதில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு காலத்தில் ஆர்-12 என்ற கேஸ் இருந்தது. ஓசோனைத் தின்கிறது என்று உலகமே நிறுத்தியது, 2010 பிறக்கும்போது இந்தியாவும் கைகழுவிவிட்டது. பிறகு ஆர்-134ஏ. இப்போது வருகிற வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ. ஐசோபியூட்டேன் என்பது அதன் பெயர், சமையல் கேஸுக்குப் பங்காளி, தீப்பிடிக்கும். ஒரு ஃப்ரிட்ஜுக்கு ஐம்பது கிராம் அளவுக்குத்தான் பிடிக்கும். ஒரு கைப்பிடிக் கடலை கனம். நிறமும் இல்லை, சொல்லும்படியான வாசனையும் இல்லை. “கேஸ் ஏத்தினேன்றான், ஏத்தினானா இல்லியான்னு எவன் கண்டான்” என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். அதில் தப்பு என்ன இருக்கிறது, எவனும் காணத்தான் முடியாது. அதைவிட வேடிக்கை கேஸ் ஏற்றுவதற்கு முன்னால் நடப்பது. குழாய்க்குள் காற்றும் ஈரமும் துளி இருந்தாலும் பிறகு அந்த ஈரம் கேப்பிலரியில் பனியாகி அடைத்துக்கொள்ளும். அதற்காக வாக்யூம் பம்ப்பைப் பொருத்தி அரை மணி, முக்கால் மணி ஓடவிட வேண்டும். இந்த வேலையின் உயிரே அதுதான். அவசரக்காரர்கள் அதைத்தான் முதலில் விழுங்குவார்கள். அந்த முக்கால் மணி நேரமும் எனக்கு வேலை இல்லை. பம்ப் உறுமிக்கொண்டிருக்கும், நான் முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்காரர் உள்ளே போவார், வெளியே வருவார், “முடிஞ்சுதாப்பா” என்பார். அவர் பார்வையில் நான் நேரத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மிக்ஸியில் வேண்டாத வேலையைச் செய்யும்போது மரியாதையாகப் பார்த்தவர், இங்கே வேண்டிய வேலை நடக்கும்போது சந்தேகமாகப் பார்க்கிறார். நானும் சும்மா இருப்பதில்லை. எழுந்து கதவு ரப்பரைத் துடைக்கிறேன், சுற்றிவைத்த ஒயரை அவிழ்த்து மறுபடி சுற்றுகிறேன்.

இந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரிநாதரைத் தாங்கிப் பிடித்த முருகன் அவரைச் சும்மா இருக்கச் சொன்னதாக ஐதீகம். வல்லாள கோபுரத்தைக் காட்டி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லுவோம். 1896 செப்டம்பர் முதல் தேதி ரயிலிலிருந்து இறங்கி வந்த மதுரைப் பையன் ஆயிரங்கால் மண்டபத்திலும் பாதாள லிங்கத்திலும் உட்கார்ந்தவர், 1950இல் சமாதி ஆகும்வரை இந்த ஊரைவிட்டு நகரவில்லை. அவர் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க அந்தக் காலத்தில் கப்பலேறி வந்தார்கள். இப்போதும் செங்கம் சாலை ரமணாசிரமத்துக் கூடத்தில் நாடுவிட்டு நாடு வந்தவர்கள் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். சும்மா இருப்பதற்கு இத்தனை பெருமை உள்ள ஊரில் வாக்யூம் பம்ப் பக்கத்தில் நான் சும்மா இருப்பதற்கு மட்டும் பெருமை இல்லை. ஞானிகள் யாரும் பில் போடவில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

விலை என்ற சிக்கல் முழு உருவத்தில் வந்து நின்றது அரசாங்க மிக்ஸி வந்தபோது. 2006இல் இலவசக் கலர் டி.வி. கொடுத்தார்கள். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கிற திட்டம் தொடங்கியது. விலையில்லா என்று பெயர். தொழிலில் இருந்தவர்கள் அதைக் கேலி பேசினார்கள், பிறகு அதில்தான் சாப்பிட்டார்கள். அதுவரை எங்கள் பக்கம் வராத தெருக்காரர்கள், தண்டராம்பட்டு, கீழ்பெண்ணாத்தூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் முதல்வர் படம் ஒட்டிய மிக்ஸியைச் சாக்குப்பையில் போட்டு பஸ் ஏறி வந்தார்கள். அந்த வருஷங்களில் மின்வெட்டு வேறு; கரண்ட் வருகிற நேரத்தில் தெருவே ஒரே சமயத்தில் கிரைண்டர் போடும், ஓல்ட்டேஜ் படுத்துவிடும், மோட்டார்கள் திணறிச் சூடாகும். காயில் வெந்துபோனது என்று சொல்லிக் கூலி சொன்னால் எல்லோருடைய பதிலும் ஒன்றுதான்: “சும்மா குடுத்ததுதானேப்பா, இதுக்குப் போயி இருநூறா?” என்னிடம் அதற்குப் பதில் இல்லை, இன்றும் இல்லை. பொருளுக்கு விலை இருந்தால் அதில் பாதி, கால் என்று ரிப்பேர்க் கூலியைத் தாங்கிப்பிடிக்க ஒரு அளவு கிடைக்கிறது. விலையே இல்லாத பொருளை எதை வைத்து அளப்பது? அம்மியிலிருந்து ஒரு பெண்ணின் தோளை விடுவித்ததை வைத்தா? அப்படிக் கணக்குப் போட்டால் இருநூறு ரொம்பக் குறைச்சல். அவரும் அப்படித்தான் ஒரு பக்கம் நினைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பஸ்சுக்குக் காசு கொடுத்து அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க மாட்டார்.

நம்மூர் மிக்ஸியின் பிறப்பே ரிப்பேர் ஆள் கிடைக்காததில்தான் இருக்கிறது என்பதை இந்தத் தொழிலுக்கு வந்து நெடுநாள் கழித்துத்தான் படித்தேன். பம்பாயில் மாதுரி மாத்தூர் என்பவர் வைத்திருந்த ஜெர்மன் பிரவுன் மிக்ஸி கெட்டுப்போயிற்று; சரிசெய்ய இங்கே வழியில்லை. கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் சீமென்ஸில் இருந்த எஞ்சினியர். நம் சமையலுக்குத் தாங்குகிற மோட்டாரை அவரே செய்தார், 1963இல் சுமீத் மிக்ஸி வந்தது. உலர்ந்த மஞ்சளையும் ஊறின அரிசியையும் ஒரே மோட்டாரிடம் கொடுக்கிற சமையல் ஐரோப்பாவில் கிடையாது. கோயம்புத்தூரில் சபாபதி அதற்குச் சில வருஷம் முன்பே, 1955இல், ஆட்டுரலுக்கு மோட்டார் போட்டுவிட்டார். நான் இந்தச் சரித்திரத்தில் நின்று யோசிப்பது ஒரு இடத்தில்தான். அந்த பிரவுனைச் சரிசெய்ய பம்பாயில் ஒரு கெட்டிக்கார மெக்கானிக் இருந்திருந்தால்? பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு சரிசெய்து கொடுத்திருப்பான், சுமீத் வந்திருக்காது. ரிப்பேர்க்காரனின் கெட்டிக்காரத்தனத்தால் உலகத்துக்கு வராமலே போன சாமான்களும் இருக்கும்போலிருக்கிறது.

மாற்றிய பழைய உதிரியைத் திருப்பிக் கொடுப்பது இந்தத் தொழிலின் வழக்கம். கருகிய ஆர்மேச்சர், தேய்ந்த கார்பன், பல் போன கப்ளிங். காகிதத்தில் சுற்றிக் கொடுப்பேன். அவர்கள் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்யப்போவதில்லை. காயலான்கடைக்குப் போனால் செம்புக்குக் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் கொடுக்காவிட்டால் “ஒரிஜினலைக் கழட்டிக்கினு டூப்ளிகேட் போட்டுட்டான்” என்ற பேச்சு வரும். ஒயரோடு தொங்குகிற அந்தக் கருகல்தான் எனக்குச் சாட்சி. மிக்ஸி நிற்பதற்கு முன்னாலேயே அதன் கோளாறைச் சொல்லத் தெரிந்தவர்கள் பெண்கள் என்பதையும் சொல்ல வேண்டும். “முன்ன மாதிரி இல்லப்பா, ஓயுறப்ப ஒரு மாதிரி கீச்சுனு இழுக்குது” என்று ஒரு அக்கா சொன்னால் மேல் புஷ் போய்விட்டது என்று திறக்காமலே எழுதிக்கொள்ளலாம். காது அவர்களுடையது, பேரம் பேசுவது மட்டும் ஆண்கள். அந்தச் சத்தத்தை ஒருநாளும் கவனித்திராத ஒருவர் வாசலில் நின்றுகொண்டு நூற்றைம்பதை நூறாக்குவார், அக்கா நிலைக்கதவுக்குப் பின்னால் பேசாமல் நிற்பார். நான் எங்கே நிற்கிறேன் என்பது இன்னொரு கணக்கு. சில வீடுகளில் மிக்ஸி திண்ணைக்கு வந்துவிடும். சில வீடுகளில் என்னை அடுப்பங்கரைக்கே கூப்பிடுவார்கள். ஜாதியை யாரும் கேட்பதில்லை, “நீ எந்தத் தெருப்பா” என்பதோடு சரி. ஆனால் கிரைண்டர் கனம். திண்ணைக்குத் தூக்கிவர ஆளில்லாத வயசானவர்கள் வீட்டில், மிக்ஸிக்குத் திறக்காத சமையலறை கிரைண்டருக்குத் திறந்திருக்கிறது. நான் வந்துபோன பிறகு தரையைக் கழுவினார்களா என்று திரும்பிப் பார்த்ததில்லை. மாவு சிந்திய தரையை எப்படியும் கழுவத்தானே வேண்டும்.

ரமண நகரில் குளிருக்கு வந்து வெயில் ஏறியதும் கிளம்பிப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் வீட்டில் என் திருகு கழற்றும் வேலை செல்லுபடியாகாது. அவர்கள் வந்தவுடனே கேட்பது, பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு என்று. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச நாளில் புரிந்தது, அவர்களுக்கும் ஒன்று தேவைப்படுகிறது: விளக்கம். என்ன போயிற்று, ஏன் போயிற்று, இனி போகாமலிருக்க என்ன செய்ய வேண்டும். என் அரைகுறை இங்கிலீஷில் கையையும் தலையையும் ஆட்டி ஓல்ட்டேஜைப் பற்றி ஐந்து நிமிடம் சொன்னால்தான் அவர்களுடைய காசு அவர்களுக்கு ஜீரணமாகிறது. ஸ்குரூடிரைவர் செய்கிற வேலையை அங்கே வாய் செய்கிறது. நம் ஊர் ரிட்டயர்டு வாத்தியார்களும் இந்த ரகம்தான்.

இந்த விஷயத்தில் என்னை அசைத்தது அசலியம்மன் கோயில் பக்கமிருந்து வருகிற ஒரு கிழவி. வழக்கம்போலத் திருகுகளைக் கழற்றி, ஊதி, தேய்த்து, மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். “அந்தப் பட்டன் எனக்கும் தெரியும்பா” என்றது. “அமுக்கிப் பாத்தேன், ஓடுச்சு. மறுபடி நின்னுடுமோன்னு பயமாருந்துச்சு. அதான் அமுத்தி வெளிய வர்ற வரைக்கும் ஓட்டி எடுத்தாந்தேன்.” நான் செய்த அவ்வளவு வேலையையும் அது பொறுமையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தை இரண்டாம் நாள் திருவூடல் தெருவில் சாமிக்கும் அம்மனுக்கும் சண்டை நடக்கும். கோபித்துக்கொண்டு போவதும், கதவைச் சாத்துவதும், தூது நடப்பதும் வருஷா வருஷம் அதேதான். முடிவு தெரியாதவர் கூட்டத்தில் ஒருவரும் இருக்கமாட்டார். இருந்தும் கழுத்தை எக்கிப் பார்க்கிறோம். கிழவிக்கு வேண்டியிருந்தது பொத்தானை அழுத்த ஒரு விரல் அல்ல. இன்னொருவர் திறந்து பார்த்துவிட்டு ‘ஒண்ணுமில்ல ஆயா’ என்று சொல்ல வேண்டும். அதைத் திறக்காமல் சொன்னால் எடுபடாது. அப்படிப் பார்த்தால் அந்தப் பத்து நிமிடம் பயம் இறங்குவதற்கு ஆகிற நேரம். இப்படிச் சொல்லிக்கொள்வது எனக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது; வசதியாக இருப்பதாலேயே இதில் முழுக்க நம்பிக்கை வரவில்லை. எல்லோரும் அந்தக் கிழவி இல்லை. பத்து நிமிட நாடகத்தை உண்மை என்றே எடுத்துக்கொண்டு, தூசினால்தான் மிக்ஸி நின்றது என்று அக்கம்பக்கத்தில் சொல்லி, அடுத்த மாதம் நல்ல மிக்ஸி ஒன்றைத் தூசு தட்ட அனுப்பிவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி வந்ததை நான் தட்டித்தான் கொடுத்திருக்கிறேன்.

ரமணரைப் பற்றிச் சொல்லப்படுகிற ஒரு சம்பவம் உண்டு. மலையில் இருந்த காலத்தில் கட்டியிருந்த கோவணம் கிழிந்துபோக, யாரிடமும் கேட்காமல், முள்ளில் துளையிட்டு ஊசியாக்கி, அந்தத் துணியிலிருந்தே உருவிய நூலால் தைத்துக்கொண்டாராம். உதிரி பாகத்தை உடைந்த பொருளிலிருந்தே எடுத்த ரிப்பேர். பிற்பாடு புத்தகங்களுக்கு அட்டை கட்டியிருக்கிறார், கொட்டாங்கச்சியில் கரண்டி செய்திருக்கிறார். எங்கள் ஆள் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் தன்னுடையதைத் தானே தைப்பவருக்குக் கூலிப் பிரச்சினை கிடையாது, பார்ப்பவரும் கிடையாது. அடுத்தவர் பொருளைத் தொடும் நிமிடத்திலிருந்துதான் எங்கள் கஷ்டம் ஆரம்பிக்கிறது.

இப்போது மின்விசிறி விஷயத்தில் நானே அந்தக் கிழவியின் இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறேன். பழைய ஃபேன் எழுபத்தைந்து வாட் இழுக்கும். மெதுவாகச் சுற்றினால் கண்டென்சர், 2.5 மைக்ரோஃபாரடு, மாற்றினால் தீர்ந்தது. இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்கிற பாடம் அதுதான். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம் என்றானது, பி.எல்.டி.சி. ஃபேன்கள் பெருகின. முப்பது வாட்டுக்குப் பக்கத்தில்தான் இழுக்கும், கரண்ட் பில் குறையும், நல்லதுதான். அதற்குள் ஒரு போர்டு. சிலவற்றில் அதன்மேல் கருப்பு ரெசினை ஊற்றி மூடியிருப்பார்கள். திறந்தாலும் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, மோந்து பார்த்தாலும் தெரியாது. இடி இறங்கிய மறுநாள் ஃபேன் நின்றால் போர்டு போயிற்று என்பது என் ஊகம்தான். அது எந்த மாடலோ அந்த மாடலின் போர்டு கம்பெனியிடம் இருந்து வர வேண்டும். ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைத்து இணையதளமும் தொடங்கியது. வீட்டு உபயோகச் சாதனங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. பட்டியலில் இருப்பதும் போர்டு என் கைக்கு வருவதும் வேறு வேறு. கம்பெனி ஆள் வருகிறார், பழைய போர்டைப் பிடுங்கிப் புதுசைச் செருகுகிறார், வந்து பார்த்ததற்கென்று தனியாக ஒரு தொகை, அது செல்போனில் ரசீதாக வந்து விழுகிறது. அவர் அரை நிமிடத்தில் முடித்தாலும் யாரும் முகம் சுருக்குவதில்லை. ரசீதில் அச்சாகியிருக்கிறதே.

என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்த பையன், ஐ.டி.ஐ. முடித்தவன், இதையெல்லாம் ஒரு பிரச்சினையாகவே நினைப்பதில்லை. பொத்தான் கேஸ் வந்தால் மிக்ஸியைக் கவிழ்த்து, “இது வெளிய வந்துச்சுன்னா ஆறவுட்டு அமுக்குங்கக்கா, அம்பது குடுங்க” என்று க்யூ.ஆர். அட்டையைத் தள்ளுகிறான். பாதிப் பேர் கொடுக்கிறார்கள், பாதிப் பேர் சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள், அவனும் சிரிக்கிறான். அவனால் இன்னொன்றும் ஆரம்பமாயிற்று. கடை நம்பருக்கு வாட்ஸப்பில் மிக்ஸிச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். பௌர்ணமி அன்று வண்டி விடமாட்டார்கள், அடிஅண்ணாமலைப் பக்கம் போகவே முடியாது. அப்படிப்பட்ட நாட்களுக்காக ஆரம்பித்தது, இப்போது தினசரி ஆகிவிட்டது. கேட்டுவிட்டு இன்னது போயிற்று என்று சொல்கிறேன். போனில் சொல்வதற்குக் காசு கேட்க வாய் வரவில்லை, யாரும் கொடுக்க நினைத்ததாகவும் தெரியவில்லை. போன வாரம் செங்கத்திலிருந்து ஒரு அம்மா அனுப்பியிருந்தார். ஜாரில் புஷ் போயிருக்கிறது, மோட்டார் நல்லாயிருக்கிறது, பக்கத்தில் எங்கேயாவது மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். அங்கே ஒரு கடையில் கொடுத்தாராம். புஷ் போயிருக்கிறது என்று சொன்னதைக் கடைக்காரர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லையாம். மிக்ஸியையும் ஜாரையும் முழுக்கக் கழற்றி மேசைமேல் பரப்பி, அரைமணி நேரம் பார்த்துவிட்டு, ஆமாம்மா, புஷ்தான் என்றாராம். முன்னூறு வாங்கினாராம். “நல்ல வேலைக்காரர்ப்பா, எல்லாத்தையும் தொறந்து பாத்துட்டுத்தான் சொன்னாரு” என்றார்.